இரண்டு ஒயர், அறுபது ஓம்: ஜேசிபியிலும் ஹிட்டாச்சியிலும் கேன் பஸ் பழுது பார்க்கும் முறை

கண்மாயில் வண்டல் அள்ளிக்கொண்டிருக்கும் ஹிட்டாச்சியில் மானிட்டர் ஒரு நொடி இருண்டு மறுபடி எரிகிறது. ஆர்பிஎம் பூஜ்யத்துக்கு விழுகிறது, ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. டயலைத் திருப்பினால் வேகம் ஏறவில்லை. சாவியை அணைத்துப் போட்டால் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடியும் அதே தொல்லை. டீசல், பில்டர், பம்ப் எல்லாம் பார்த்து அலுத்த பிறகு ‘ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது’ என்று முடிவு கட்டி, பெரிய தொகைக்குப் புதுப் பெட்டி வாங்கிப் போடுகிறார்கள். பழுது அப்படியே இருக்கிறது.

இந்த அறிகுறிகளுக்குப் பெட்டியைச் சந்தேகிப்பது கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியவை அந்தப் பெட்டிக்குப் போகும் கரண்ட், எர்த். அடுத்து, பெட்டிகளுக்கு நடுவே ஓடும் இரண்டு ஒயர். அதற்கு லேப்டாப் கூடக் கட்டாயம் இல்லை. 0.1 ஓம் வரை காட்டும், மின்-மேக்ஸ் வசதியுள்ள (குறைந்த, கூடிய அளவைப் பிடித்து வைக்கும்) மல்டிமீட்டர், கனெக்டரின் பின்பக்கம் நுழையும் மெல்லிய ஊசி முனைகள், காண்டாக்ட் கிளீனர், ஒரு 21 வாட் பல்பு, டார்ச், சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, 120 ஓம் ரெசிஸ்டர் இரண்டு. இவற்றோடு அந்த மாடலுக்கே உரிய ஒயரிங் வரைபடம் கையில் இருக்க வேண்டும். வரைபடம் இல்லாமல் இறங்கினால் பாதி நாள் ஒயர் தேடுவதிலேயே போய்விடும்.

அந்த இரண்டு ஒயரில் என்ன ஓடுகிறது

பழைய வண்டியில் ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் டேஷ்போர்டுக்குத் தனி ஒயர் வரும். இப்போது இன்ஜின் ஈசிஎம், ஹைட்ராலிக் கன்ட்ரோலர், கியர் கன்ட்ரோலர், மானிட்டர், ஜிபிஎஸ் பெட்டி எல்லாம் ஒரே ஜோடி ஒயரில் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. இந்த கேன் பஸ் முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. கனரக வண்டிகளுக்கு அதன்மேல் அமைந்த பேச்சு விதிதான் ஜே1939. 2021 ஏப்ரல் 1 முதல் சக்கரமுள்ள கட்டுமான வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதியும், 2025 ஜனவரி 1 முதல் ஸ்டேஜ் 5 விதியும் வந்த பிறகு, புகை சுத்திகரிப்புக்கான பெட்டிகளும் இந்த லைனில் ஏறின. பல வண்டிகளில் புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரே நேரடியாக கேன் லைனில் பேசுகிறது.

மெயின் லைன் ஒன்று, அதிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குட்டைக் கிளை. 250 கிலோபிட் வேகத்துக்கான ஜே1939 விதிப்படி மெயின் லைன் 40 மீட்டர் வரை, கிளை 1 மீட்டருக்குள், ஒரு லைனில் 30 பெட்டி வரை இருக்கலாம். மெயின் லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு கலந்து குழம்பாமல் அதை விழுங்கிக்கொள்வது இதன் வேலை. சில வண்டிகளில் இது தனியாக, மூன்று பின் கனெக்டர் வடிவில் மாட்டியிருக்கும். சிலவற்றில் ஈசிஎம்முக்கு உள்ளேயே இருக்கும். எங்கே இருக்கிறது என்பதை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் பொருள் அதை வைத்துத்தான்.

லைன் சும்மா இருக்கும்போது கேன் ஹை, கேன் லோ என்ற அந்த இரண்டு ஒயரிலும் 2.5 வோல்ட். ஒரு பெட்டி பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். கேட்கும் பெட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். ஒயர்களை முறுக்கி ஓட்டுவதும் இதற்காகத்தான். ஆல்டர்னேட்டர், சோலனாய்டு கிளப்பும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் மாறாது. மஞ்சள் ஹை, பச்சை லோ என்பது ஜே1939 வழக்கம். எல்லாக் கம்பெனியும் அதைப் பின்பற்றுவதில்லை.

‘சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது, அப்படியானால் பெட்டிதான் ஹேங் ஆகிறது’ என்ற பேச்சு ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி வரும். நடப்பது வேறு. ஒரு பெட்டி அனுப்பும் செய்தி லைனில் கெட்டால், அது தன் பிழைக் கணக்கில் 8 கூட்டிக்கொள்ளும். சரியாகப் போனால் 1 கழிக்கும். கணக்கு 255-ஐத் தாண்டியதும் தானே வாயை மூடிக்கொண்டு லைனை விட்டு விலகிவிடும். தொடர்ந்து 32 தடவை கெட்டால் போதும். 250 கிலோபிட் லைனில் அது கண் இமைக்கும் நேரம். சாவியை அணைத்துப் போட்டதும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் பெட்டி மறுபடி பேச வருகிறது. கெட்ட ஒயர் கெட்டபடியே இருக்கிறது.

பழுதுக் கோடை அழிக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்

மானிட்டரில் வரும் கோடை (பழுதைக் குறிக்கும் எண்ணை) அழித்துவிட்டு ‘மறுபடி வருகிறதா’ என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு. எல்லாக் கோடையும், எத்தனை தடவை வந்தது, எந்த மணிநேரக் கணக்கில் வந்தது என்பதையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள்.

ஜே1939 கோடில் எஸ்பிஎன் என்பது எந்தப் பொருள், எஃப்எம்ஐ என்பது என்ன விதமான பழுது. எஸ்பிஎன் 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு, 190 இன்ஜின் வேகம். எஃப்எம்ஐ 3 என்றால் வோல்ட் அதிகம், 4 குறைவு, 5 கரண்ட் குறைவு அல்லது ஒயர் அறுந்தது. இந்த மூன்றும் பெரும்பாலும் அந்தச் சென்சாரின் சொந்த ஒயர் பழுதுகள். எஃப்எம்ஐ 9 என்றால் செய்தி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, 19 என்றால் லைன் வழியே வந்த தகவல் தவறு. எஸ்பிஎன் 639 நேரடியாக ஜே1939 லைனையே குறிக்கும். ‘100-க்கு 4’ என்று வந்தால் ஆயில் பிரஷர் சென்சாரின் ஒயரைப் பாருங்கள். ‘190-க்கு 9’ என்று மானிட்டர் சொன்னால் வேக சென்சாரை மாற்றி ஒரு பயனும் இல்லை. இன்ஜின் ஈசிஎம் சொல்வது மானிட்டரின் காதில் விழவில்லை என்பதே அதன் பொருள்.

அடுத்து, யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டியைக் காணோம் என்றால், அந்தப் பெட்டியின் கரண்ட், எர்த், கிளை ஒயர் மூன்றில் ஒன்றுதான். எல்லாரும் எல்லாரையும் காணோம் என்றால் மெயின் லைன். ஒரு பெட்டி மட்டும் மற்ற எல்லாரையும் காணோம் என்றால் அதன் கிளை அறுந்திருக்கிறது. எல்லாக் கோடும் ஸ்டார்ட் செய்த அதே நிமிடத்தில் பதிவாகியிருந்தால் லைனைத் தொடாதீர்கள், பேட்டரிக்குப் போங்கள்.

பேட்டரியும் எர்த்தும்

ஜேசிபி போன்ற பேக்ஹோ வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட், பெரிய எக்ஸ்கவேட்டர்கள் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டிய 24 வோல்ட். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 அல்லது 25.2 வோல்ட் ஒட்டி இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 9.6-க்குக் கீழும், 24 வோல்ட் வண்டியில் 19-க்குக் கீழும் இறங்கினால் பெட்டிகள் அணைந்து எழும். எழுந்ததும் ஒன்றையொன்று காணோம் என்று கோடு போடும். ஓடும்போது 13.8 முதல் 14.4, அல்லது 27.6 முதல் 28.8. மீட்டரை ஏசிக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டையோடு போயிருக்கிறது, அந்த இரைச்சலும் லைனைக் குழப்பும்.

24 வோல்ட் வண்டியில் ஃபேனுக்கும் பாட்டுக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திருப்பார்கள். ஒரு பேட்டரி இறங்கி மற்றது பொங்கும். இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். அப்படி இழுத்த ஒயர் இருந்தால் எடுத்துவிட்டு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடச் சொல்லுங்கள்.

எர்த்தைப் பார்க்க, சாவியைப் போட்டு, விளக்கு, ஏசி எல்லாம் ஓடவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் தலையில், சிவப்பு முனை ஈசிஎம் கனெக்டரின் எர்த் பின்னில், கனெக்டர் மாட்டியபடியே, பின்பக்கமாக. 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட், துரு போக உரசி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். சிக்னலே ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசத்தில் ஓடும்போது, எர்த்தில் அரை வோல்ட் எழும்பினாலும் அந்தப் பெட்டிக்கு எல்லாமே கோணலாகத் தெரியும்.

கரண்ட் வருகிறதா என்பதற்கு மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒயரில் ஒரே ஒரு நூலிழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும். சாவியை அணைத்து ஈசிஎம் கனெக்டரைக் கழற்றி, மறுபடி சாவியைப் போட்டு, அதன் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற 21 வாட் பல்பை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் வழி சரி. மங்கினால் பியூஸ் காலிலோ ரிலே காலிலோ கனெக்டரிலோ அரிப்பு இருக்கிறது. பல்பை சப்ளை பின்களில் மட்டும் வையுங்கள். கேன் பின்னிலோ சென்சார் பின்னிலோ வைக்கவே கூடாது.

அறுபது ஓம்

சாவியை அணையுங்கள். புகைச் சுத்திகரிப்புக்கு யூரியா ஊற்றும் வண்டியாக இருந்தால் பம்ப் யூரியாவைத் திரும்ப உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருங்கள். பிறகு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்து இன்னும் 5 நிமிடம் விடுங்கள். லைனில் வோல்ட் இருக்கும்போது ஓம் அளந்தால் மீட்டர் காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

டயக்னாஸ்டிக் சாக்கெட் (லேப்டாப்பை மாட்டும் இடம்) ஒன்பது பின் வட்ட வடிவமாக இருந்தால், ஜே1939 வழக்கப்படி ஏ எர்த், பி பேட்டரி பாசிட்டிவ், சி கேன் ஹை, டி கேன் லோ. கேட்டர்பில்லர் வண்டிகளில் அதே வட்ட சாக்கெட்டில் ஏ பாசிட்டிவ், பி நெகட்டிவ், கேன் லைன் எஃப், ஜி பின்களில் இருக்கும். டி, இ இரண்டும் அவர்களின் சொந்த டேட்டா லிங்க், அதற்கு அறுபது ஓம் கணக்கு பொருந்தாது. இது தெரியாமல் அளந்து ‘லைன் அறுந்துவிட்டது’ என்று ஹார்னஸை (ஒயர்க் கட்டை) பிரித்துப் போட வேண்டாம்.

ஹைக்கும் லோவுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். இரண்டு 120 ஓம் பக்கவாட்டில் சேர்ந்தால் 60. 54 முதல் 66 வரை சரி. 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் காணோம், அல்லது மெயின் லைன் நடுவில் அறுந்திருக்கிறது. 120 ஓமிலும் பல வண்டிகள் ஓடும், அதுதான் ஏமாற்றும் இடம். குட்டை லைனில் எதிரொலி சமாளிக்கும் அளவில் இருக்கும். சூடு ஏறினாலோ இரைச்சல் கூடினாலோ விட்டுவிட்டு அறுக்கும். 40 வந்தால் மூன்று ரெசிஸ்டர் இருக்கிறது. பின்னால் மாட்டிய ஜிபிஎஸ் பெட்டி தன் ரெசிஸ்டரோடு வந்திருக்கலாம். 0 முதல் 5 ஓம் என்றால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லையில்லாமல் போனால் நீங்கள் அளக்கும் கிளையே அறுந்திருக்கிறது, அல்லது இரு முனையும் போயிருக்கிறது.

பிறகு ஹையிலிருந்து எர்த், லோவிலிருந்து எர்த், இரண்டிலிருந்தும் பேட்டரி பாசிட்டிவ் என நான்கு அளவு எடுங்கள். எல்லாமே ஆயிரக்கணக்கான ஓமில் இருக்க வேண்டும். சில நூறு ஓம், சில பத்து ஓம் என்று இறங்கினால் ஒயர் பாடியில் உரசுகிறது, அல்லது கனெக்டருக்குள் தண்ணீர் இருக்கிறது.

60 வந்துவிட்டது என்பதால் லைன் சுத்தம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு கிளையில் ஹையும் லோவும் இடம் மாறியிருந்தாலும் 60 காட்டும். முனை ரெசிஸ்டர் இல்லாத கிளை அறுந்திருந்தாலும் 60 காட்டும். அதனால்தான் அடுத்த படி.

வோல்ட்

கட்-ஆஃபைப் போட்டு, சாவியைப் போடுங்கள், இன்ஜின் வேண்டாம். ஹையிலிருந்து எர்த் 2.5-க்குச் சற்று மேலே, 2.6 முதல் 2.8 வோல்ட் அளவில் இருக்கும். லோ 2.5-க்குச் சற்றுக் கீழே, 2.2 முதல் 2.4 அளவில். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதனால் 3.5, 1.5 என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டையும் கூட்டினால் 5 ஒட்டி வர வேண்டும்.

இரண்டும் அசையாமல் 2.5 என்றால் யாரும் பேசவில்லை, அல்லது இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கிறது. எது என்பதை ஓம் அளவு சொல்லிவிடும். ஹை பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அது எர்த்தில் உரசுகிறது. ஒன்று 12, 24 என்று ஏறியிருந்தால் சப்ளை ஒயரோடு ஒட்டியிருக்கிறது. அப்படிக் கிடந்த லைனில் பெட்டிக்குள் இருக்கும் கேன் சிப்பும் கருகியிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு கிளையில் மட்டும் ஹையைவிட லோ அதிகமாக இருந்தால் யாரோ ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கூட்டுத்தொகை 5-ஐ விட்டு நன்றாக விலகினால் ஏதோ ஒரு பெட்டியின் எர்த் மிதக்கிறது.

செட்டிநாட்டில் எங்கே தேடுவது

எந்த ஊரிலும் ஒயர் கெடும், ஆனால் கெடும் விதம் ஊருக்கு ஊர் மாறும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், திருமயம் சுற்றி வேலை செய்யும் வண்டிகளில் தேட வேண்டிய இடங்களை வேலையை வைத்தே சொல்லலாம்.

சீமைக் கருவேலம் அழிக்கப் போன வண்டியா? அடியில் படுத்துப் பாருங்கள். முள்கிளை வண்டிக்கு அடியில் நிமிர்ந்து, தரைத் தகட்டுக்கும் சேஸிக்கும் நடுவே ஓடும் ஹார்னஸில் மாட்டி இழுக்கும். ஒயர் அறுவதில்லை, கனெக்டரின் பின்பக்க ரப்பரிலிருந்து அரை மில்லிமீட்டர் வெளியே வரும். பார்க்க மாட்டியபடிதான் இருக்கும், ஆட்டினால் விட்டுவிடும். ஒயர்களை மூடும் நெளிகுழாய் கிழிந்த இடத்தில் முள் உள்ளே போய் ஒயரின் உறையில் ஊசி போட்டதுபோல ஒரு துளை விட்டிருக்கும். பங்குனி, சித்திரையில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் அந்தத் துளை வழியே ஈரம் ஏறி, செம்பு பச்சையாக உதிரும்.

செம்புராங்கல் தரையிலும் கிராவல் குவாரியிலும் ஓடும் வண்டியில் செம்மண் தூசிதான் எதிரி. கிளாம்புக்கும் நெளிகுழாய்க்கும் நடுவே அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். இன்ஜினின் அதிர்வு ஆண்டு முழுக்க ஒயரை அதன்மேல் தேய்க்கும். ஒவ்வொரு கிளாம்பையும் கழற்றி, அதற்கு அடியில் இருக்கும் இரண்டு அங்குல நீளத்தைப் பாருங்கள். வெளியே புத்தம்புதிதாக இருக்கும் ஹார்னஸ், கிளாம்புக்கு அடியில் செம்பு தெரியத் தேய்ந்து கிடக்கும்.

கண்மாய்க் கரையிலும் ஊருணி ஓரத்திலும் பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் எலி. வைக்கோலோ புழுக்கையோ இன்ஜின் அறையிலும் சீட்டுக்கு அடியிலும் தெரிந்தால் முதலில் அங்கே பிரியுங்கள். எலி ஜோடியில் ஒரு ஒயரை மட்டும் கடித்திருக்கும். லைன் பாதி வேலை செய்வதால் அறிகுறி குழப்பமாக வரும்.

வாட்டர் சர்வீஸ் முடிந்து வந்த அன்று அல்லது மறுநாள் தொடங்கிய பழுதென்றால் கனெக்டரைத் திறந்து பாருங்கள். பிரஷர் பம்ப் தண்ணீர் ரப்பர் சீலைத் தாண்டிப் போகும், வெளியே வராது. கனெக்டருக்குள் ஈரமும், பக்கத்துப் பின்னில் 24 வோல்ட்டும் இருந்தால் செம்பு மின்பகுப்பால் கரையும். காரைக்குடியிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பையே ஒரு துறையாக வைத்து ஆராய்கிறது. நம் கனெக்டருக்குள் நடப்பதும் அதே அரிப்புதான். பாசிட்டிவ் பின்தான் முதலில் தின்னப்படும். பச்சைப் பொடியை அங்கே தேடுங்கள்.

வீல் லோடரிலும் கிரேடரிலும் வண்டி ஒடியும் மூட்டில் ஹார்னஸ் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மடங்கும், அங்கே உறைக்கு உள்ளேயே செம்பு அறும். எக்ஸ்கவேட்டரில் இன்ஜின், பம்ப், கேபின் மூன்றும் மேல்பாகத்தில் இருப்பதால் கேன் லைன் பொதுவாகச் சுழல் மூட்டைத் தாண்டிக் கீழே போவதில்லை, அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். புகைக்குழாய் அருகே போகும் நாக்ஸ் சென்சார் ஒயரை மட்டும் தவறாமல் பாருங்கள். ஷீல்டு நழுவி ஒயர் சூட்டில் உருகி ஒட்டினால், அந்த ஒரு சென்சார் மொத்த லைனையும் ஊமையாக்கிவிடும்.

பாதியாகப் பிரித்துக்கொண்டே போவது

கண்ணால் பார்த்துக் கிடைக்கவில்லை என்றால் லைனைப் பாதியாக வெட்டுங்கள், கத்தியால் அல்ல, நடுவில் இருக்கும் கனெக்டரைக் கழற்றி. கேபின் ஹார்னஸும் இன்ஜின் ஹார்னஸும் சேரும் பெரிய கனெக்டர்தான் வசதியான இடம். கழற்றியபின் இரு பக்கமும் தனித்தனியே 120 ஓம் காட்ட வேண்டும். ஒரு பக்கம் 120, மறுபக்கம் 3 ஓம் என்றால் பழுது அந்த மறுபக்கத்தில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நான்கைந்து தடவையில் ஒரு முழ நீளத்துக்குள் பழுது சிக்கிவிடும்.

லைன் ஒட்டியிருக்கும் பழுதுக்கு இன்னொரு வழி உண்டு. மீட்டரை டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் ஓமில் வைத்துவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் பின்னால் சேர்த்த ஜிபிஎஸ், அடுத்து நாக்ஸ் சென்சார், பிறகு மானிட்டர், கடைசியில் ஈசிஎம். எதைக் கழற்றியதும் எண் 60-க்குத் தாவுகிறதோ அங்கே நில்லுங்கள். உள்ளே ரெசிஸ்டர் உள்ள ஈசிஎம்மைக் கழற்றினால் 120 ஆகும், அது பழுதல்ல. அந்த இடத்தில் கைவசம் உள்ள 120 ஓம் ரெசிஸ்டரை வைத்துவிட்டுத் தொடருங்கள்.

விட்டுவிட்டு வரும் பழுதுக்கு மீட்டரை மின்-மேக்ஸில் போட்டு, ஒருவர் கேபினில் இருந்து எண்ணைப் பார்க்க, இன்னொருவர் ஹார்னஸை ஒரு சாண், ஒரு சாணாக ஆட்டிக்கொண்டே போக வேண்டும். ‘தம்பி, நிறுத்து, இப்ப எங்க புடிச்ச?’ என்று கேட்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். குளிர்ந்த வண்டியில் கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரம் லோடில் ஓட்டி, சூடாக இருக்கும்போதே ஆட்டுங்கள்.

மீட்டரின் தடித்த முனையைப் பெண் பின்னுக்குள் (துளையுள்ள பின்) குத்தாதீர்கள். பழுது பார்க்கப் போய் பழுது வைப்பது இப்படித்தான்: பின்னின் வாய் விரிந்துவிடும், அன்று ஓடும், அடுத்த மாதம் விடும். சந்தேகமான ஒவ்வொரு பெண் பின்னிலும் அதே அளவுள்ள உதிரி ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்து விட வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின்னை மாற்றுங்கள்.

லேப்டாப்பே இணையவில்லை என்றால் சாக்கெட்டில் சப்ளை வருகிறதா என்று அளந்து பியூஸைப் பாருங்கள். அடுத்தது வேகம். கறுப்பு சாக்கெட் 250 கிலோபிட், பச்சை சாக்கெட் 500. பச்சைக் கேபிள் இரண்டிலும் நுழையும், கறுப்புக் கேபிள் பச்சையில் நுழையாது. கட்டாயப்படுத்தினால் சாக்கெட் உடையும்.

ஒயரைச் சேர்ப்பது

இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு வருவது இங்கே வேலைக்காகாது. சித்திரை வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் பசை உருகி டேப் நழுவும். கெட்ட பகுதியை, செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டி எடுங்கள். கறுத்த செம்பில் போட்ட கிரிம்ப் நிற்காது. அதே தடிமனுள்ள, பல இழை ஆட்டோ ஒயர்தான் வேண்டும், வீட்டு ஒயர் கூடாது. ஹை ஒயரின் இணைப்பும் லோ ஒயரின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பசை இரு ஓரமும் எட்டிப் பார்க்கும்வரை சூடாக்குங்கள். முறுக்கைப் பழையபடி கொண்டுவாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் பிரிந்து கிடக்கக் கூடாது.

கனெக்டரைச் சுத்தம் செய்ய காண்டாக்ட் கிளீனர் மட்டும். டீசல், பெட்ரோல் ரப்பர் சீலை ஊதவைக்கும். சீல் கிழிந்திருந்தால் கனெக்டரையே மாற்றுங்கள், காலியான துளைகளில் அடைப்பு முளை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னை எடுக்கும்போது முகப்பில் இருக்கும் பூட்டுத் துண்டை முதலில் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் பின்னின் பிடி ஒடிந்துவிடும். கிரீஸை சீலில் மெல்லியதாகத் தடவினால் போதும். பின் துளைக்குள் அடைத்து வைத்தால் அதுவே தூசியைப் பிடித்து வைக்கும்.

பெட்டியை மாற்றுவதற்கு முன்

சப்ளையில் பல்பு எரிகிறது, எர்த் 0.2-க்குள், லைனில் 60 ஓம், அந்தப் பெட்டியின் கிளையிலேயே அளந்தால் ஹையும் லோவும் சரியான வோல்ட், பின்கள் இறுக்கம். இவ்வளவும் இருந்து அந்தப் பெட்டி மட்டும் பேசவில்லை, அல்லது அதை மாட்டியதும் லைன் சாய்கிறது என்றால்தான் பெட்டி. அப்போதும் பக்கத்து வண்டியின் ஈசிஎம்மைக் கழற்றி மாட்டிப் பார்க்காதீர்கள். அதில் அந்த வண்டியின் இன்ஜின் அளவுகள், இன்ஜெக்டர் கோடு, சீரியல் நம்பர் இருக்கும். புதுப் பெட்டியிலும் இவற்றை ஏற்றினால்தான் ஓடும். ஏற்றித் தருவது யார் என்பதைப் பணம் கொடுக்கும் முன் பேசி முடியுங்கள். பழைய பெட்டியிலிருந்து தகவலை எடுக்க முடிந்தால் அதைக் கழற்றும் முன்பே எடுத்து வையுங்கள்.

பெட்டி எதனால் போனது என்பதையும் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் புதியதும் போகும். பக்கெட் பல்லுக்கும் பூம் விரிசலுக்கும் வெல்டிங் வைக்கும்போது கட்-ஆஃப் மட்டும் போதாது. பேட்டரி கேபிளையும் ஈசிஎம் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் அந்தக் கரண்ட் பேரிங் வழியாகவும் ஒயர் எர்த் வழியாகவும் வழி தேடும். 12 வோல்ட் ஜேசிபிக்கு டிப்பரின் 24 வோல்ட்டிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதும் பெட்டிகளைக் கொல்லும்.

வேலை முடிந்தபின் கோடுகளை அழித்து, லோடில் ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டிலேயே மறுபடி படியுங்கள். பிறகு 60.2 ஓம், ஹை 2.68, லோ 2.31, எர்த் 0.04 என்பதுபோல அந்த வண்டியின் நல்ல அளவுகளைத் தேதியோடு எழுதி, கேபினில் பியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை மூடியைத் திறக்கும் மெக்கானிக், அது நீங்களாக இல்லாவிட்டாலும், அங்கிருந்து தொடங்குவார்.